ஏழாம் இலக்கப் படம்

அச்சோலின் மகனை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கத் தேவையில்லை. கேட்க வேண்டியதெல்லாம் நானே என்னிடம் கேட்டு முடித்துவிட்டேன்.

மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் ஒரு லோண்டரியில் நானும் அச்சோலும் ஆறு வருடமாக வேலை செய்கிறோம். ஆஸ்பத்திரிகளில் இருந்து வரும் பெட்சீற்றுகளைத் தோய்த்து, அயன் மெசினுக்குள் விட்டு, மடித்து அனுப்பும் இடம். பெரிய பெட்சீற்றைத் தனி ஆளாக மெசினுக்குள் விட முடியாது. ஒரு மூலையை ஒருத்தி பிடிக்க வேண்டும், மற்ற மூலையை மற்றவள். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். ஒருத்தி பிந்தினால் சீற் கோணலாகப் போய் மெசின் நின்றுவிடும். ஆறு வருடத்தில் நாங்கள் மெசினை நிறுத்தியது நாலோ ஐந்தோ தரம்தான். அச்சோல் தென் சூடான்காரி, ஆறடி உயரம். நான் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. அவள் கொஞ்சம் குனிவாள், நான் கொஞ்சம் எட்டுவேன். எங்கள் இருவருடைய ஆங்கிலமும் உடைசல்தான். ஆனாலும் ஒருத்திக்கு மற்றவள் சொல்வது விளங்காமல் போனதில்லை. அவள் சொன்னவற்றை இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு ஒரு வழக்கம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முன்னர் போனைத் திறப்பாள். மகன் மஜோக்கின் படம் வரும். "பார் கேத்தி, நேற்று முடி வெட்டினவன்." "பார் கேத்தி, வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சேட்." கத்தரின் என்று முழுப்பெயர் சொல்ல லோண்டரியில் யாருக்கும் நேரமில்லை, கேத்திதான். மஜோக் கென்யாவில் ஓர் அகதி முகாமில் பிறந்தவன். நாலு வயதில் மெல்பேர்ணுக்கு வந்தவன், இப்போது இருபத்துமூன்று. தென் சூடான் மண்ணை அவன் மிதித்ததே இல்லை. ஆறு வருடம், கிழமைக்கு ஐந்து நாள், அந்த முகத்தைச் சோற்றோடு சோறாக நானும் பார்த்திருக்கிறேன். சில நாள் உண்மையாகவே சலிப்பாக இருக்கும். பிள்ளை பெற்றவள் நீ ஒருத்தி மட்டுமா என்று மனதுக்குள் முணுமுணுத்தபடி, "வடிவான பிள்ளை" என்று வாயால் சொல்வேன்.

பெப்ரவரி மாதம், நல்ல வெயில். வேலை முடிந்து நோபல் பார்க்கில் ஒரு மரக்கறிக் கடைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். கடைக்குள்ளே சத்தம். மூன்று கறுப்புப் பெடியன்கள் வெளியே ஓடிவந்தார்கள். மறிக்க வந்த வியட்நாம்காரக் கிழவரை அவர்களில் ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். கிழவர் படியில் விழுந்தார், இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. தள்ளியவன் சிவப்பு ஜம்பர் போட்டிருந்தான். இந்த வெயிலுக்குள் எவன் குளிர்ச்சட்டை போடுவான் என்று நான் நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அவனுடைய முகம் ஞாபகம் இல்லை. அதைக் கண்டது ஒரு கண்வெட்டு நேரம். பிறகு வந்த பொலிஸ், அங்கே நின்ற எல்லாரோடும் என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு போனது.

இரண்டு கிழமை கழித்து இரண்டு பொலிஸார் வீட்டுக்கு வந்தார்கள். வந்த பெண் வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். எங்கள் ஊரில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்த பொலிஸை நான் கண்டதில்லை. அந்த மரியாதையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மேசையில் பன்னிரண்டு படங்களை வைத்தாள். தள்ளியவன் இதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், நிச்சயமில்லை என்றால் நிச்சயமில்லை என்று சொல்லுங்கள் என்றாள். அதை ஆறுதலாக, இரண்டு தரம் சொன்னாள். நான் அவள்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்குப் பத்தொன்பது வயதில் மன்னாரில் ஓர் ஆமிக் காம்ப்பில் இதேபோல் படங்களை வைத்துக் கேட்டார்கள். "தெரியாது" என்றேன். கன்னத்தில் ஓர் அறை. திரும்பவும் "தெரியாது" என்றேன். காது மூன்று நாளைக்கு இரைந்தது. மூன்றாம் தரம், அதற்கு முந்திய மாதம் செல் குண்டு விழுந்து செத்துப்போன ஒருவனின் படத்தில் விரலை வைத்தேன். செத்தவனுக்கு இனி யார் என்ன செய்ய முடியும்? என்னை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். சீருடைக்காரர் படம் காட்டினால் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட வேண்டும், தெரியாது என்று மட்டும் சொல்லக்கூடாது. அன்றைக்குப் படித்த பாடம் அது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் என் விரலுக்கு அது மறக்கவில்லை.

பன்னிரண்டையும் பார்த்தேன். ஏழாம் இலக்கப் படத்தில் கண் நின்றது. தெரிந்த முகம். பொய்யில்லை, எனக்கு உண்மையாகவே தெரிந்த முகம். எங்கே கண்டேன் என்று யோசித்தேன். கடைப்படியில்தான் என்று மனம் சொன்னது. வேறு எங்கே கறுப்புப் பெடியன் ஒருவனின் முகத்தை நான் கண்டிருக்கப் போகிறேன்?

"இவன்தான்."

"எவ்வளவு நிச்சயம்?"

"இந்த முகம் எனக்குத் தெரியும்."

எழுதிக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி மேரி கத்தரின் குரூஸ். அவர்கள் போனதும் என் மனுசன் பொனிபஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நல்ல காரியம் செய்தனீர். நாட்டுக்கு உதவின சனமாய் இருக்க வேணும்" என்றார். அவர் எங்கள் மன்னார்க் கத்தோலிக்க ஒன்றியத்தின் தலைவர். வீட்டிலும் அந்தப் பதவியைக் கழற்றி வைப்பதில்லை.

அடுத்த கிழமை அச்சோல் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறக்காமல் போனை மட்டும் திறந்தாள்.

"மகனைப் பொலிஸ் கொண்டுபோட்டுது, கேத்தி. மரக்கறிக் கடைக் கிழவனைத் தள்ளினது இவனாம். அண்டைக்கு இவன் வீட்டில படுத்துக் கிடந்தவன். நைட் வேலை செய்துபோட்டு வந்து படுத்தவன். தாய் சொன்னா ஆர் நம்புவான்? ஆரோ கண்ட சாட்சி இருக்காம்."

போனை என் பக்கம் திருப்பினாள். ஏழாம் இலக்கப் படத்தில் இருந்த அதே முகம்.

பொலிஸ் படத்தில் அவன் சிரிக்கவில்லை, முடியும் வேறுமாதிரி. முன்பு ஒருதரம் ரயிலில் டிக்கெட் இல்லாமல் போய் இன்ஸ்பெக்டரோடு சண்டை பிடித்தபோது எடுத்த படமாம், அதைப் பிறகுதான் அறிந்தேன். அச்சோல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் புட்டுப் பெட்டியை மூடி வைத்தேன். ஊரில் சுற்றிவளைப்பு நாட்களில், தலையில் சாக்குப் போட்ட ஒருவனை ஆமி ஜீப்பில் ஏற்றி வருவார்கள். வரிசையில் நாங்கள் நடக்க, அவன் யாருக்குத் தலையாட்டுகிறானோ அவனைக் கொண்டுபோவார்கள். அந்தத் தலையாட்டிகளை நான் சாபம் போட்ட அளவுக்கு ஆமிக்காரரைக்கூடப் போட்டதில்லை. அந்தச் சாக்கு இப்போது என் தலையில் இருந்தது. அச்சோலுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் குசினியில் வைத்து பொனிபஸ்ஸிடம் சொன்னேன். மகள் நிஷானியும் நின்றாள்.

"இஞ்சருங்கோ, நான் பிழையாக் காட்டிப்போட்டன். போனில பாத்த முகத்தைக் கடையடியில பாத்ததெண்டு நினைச்சிட்டன்."

அவர் கதிரையில் இருந்து எழும்பிக் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதையும். பதின்மூண்டு வருசம் கடலாலையும் காம்ப்பாலையும் இழுபட்டு வந்து, இப்பதான் சிற்றிசன் சோதினை பாஸாகிக் கடிதம் பாத்துக்கொண்டு இருக்கிறம். பொலிசுக்குப் பொய்ச் சாட்சி சொன்னவ எண்டு ஒரு வரி எழுதினாங்கள் எண்டா? கரக்டர் சரியில்லை எண்டு எங்கட விசாவிலயே கைவைப்பாங்கள். பிள்ளையின்ர படிப்பை யோசியும்."

"அம்மா, ஜஸ்ட் டெல் தெம்" என்றாள் நிஷானி.

"நீ வாயைப் பொத்து" என்றார் அவர். "அவையின்ர ஆக்களுக்கு அவையின்ர தலைவர்மார் இருக்கினம். அவை பாப்பினம்."

அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் என் வாயை அவர் ஊசி நூல் கொண்டு தைக்கவில்லை. நாளைக்குச் சொல்வேன், அடுத்த கிழமை சொல்வேன் என்று நாலு மாதம் போனது. ஒவ்வொரு நாளும் அச்சோலுக்கு எதிரே நின்று சீற்றின் மற்ற மூலையைப் பிடித்தேன். மெசின் ஒருதரமும் நிற்கவில்லை.

ஜூனில் மஜோக் குற்றத்தை ஏற்றுக்கொண்டான். அரசாங்கம் கொடுத்த வக்கீல் சொன்னாளாம், சாட்சி உறுதியாக இருக்கிறது, உன் அறையில் சிவப்பு ஜம்பர் எடுத்திருக்கிறார்கள், ஏற்றுக்கொண்டால் தண்டனை குறையும் என்று. நோபல் பார்க்கில் சிவப்பு ஜம்பர் இல்லாத வீடு எது? எங்கள் வீட்டுக் கொடியிலும் நிஷானியின் ஒன்று தொங்குகிறது. பதினாலு மாதம் சிறை. அவன் இன்னும் குடியுரிமை எடுக்காதவன், விசாவில்தான் இருந்தான். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ போனால் விசா தானாகவே ரத்தாகும் என்பது அச்சோலுக்குக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். சிறை முடிந்ததும் தென் சூடானுக்கு அனுப்புவார்களாம். அவன் கண்டே இராத நாட்டுக்கு.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அச்சோலின் ஆட்கள் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மண்டபத்தின் திறப்புச் சாவி எங்கள் ஒன்றியத்திடம் இருப்பது. பொனிபஸ்ஸுக்குத் திடீரென்று தலையிடி வந்துவிட்டது. நான்தான் போய்த் திறந்தேன். திறந்துவிட்டு ஓடிவரப் பார்த்தேன். அச்சோல் கையைப் பிடித்து, "நீயும் இரு" என்று தனக்குப் பக்கத்தில் இருத்திவிட்டாள்.

இருநூறு பேர் இருக்கும். மேடையில் அவர்களின் சேர்மன் டானியேல், கோட், கழுத்தில் ரை. மந்திரியின் அலுவலகத்தோடு கதைத்திருக்கிறேன், அடுத்த மாதம் நேரம் தருவார்கள், அதுவரை யாரும் டிவிக்காரரோடு கதைக்க வேண்டாம், சமூகத்தின் பெயர் முக்கியம் என்றார். எனக்கு ஒரு நிமிடம் பொனிபஸ்தான் கறுத்து உயர்ந்து மேடையில் நிற்கிறார் போலிருந்தது. மேடை ஏறினால் அவருக்கு வரும் அதே இருமல், அதே "பெயர் முக்கியம்".

கூட்டம் பொங்கியது. தடி ஊன்றிய ஒரு கிழவர் எழும்பி, "அங்கே தலைவர்மார் ஆளை ஆள் பிடிச்சுச் சண்டை பிடிச்சினம், நாங்கள் பிள்ளையளைப் புதைச்சுப்போட்டு ஓடினம். அவையின்ர பிள்ளையள் வெளிநாட்டில படிக்குதுகள். இஞ்ச வந்தும் எங்களுக்குக் கிடைச்சது போட்டோவுக்கு நிக்கிற ஒரு தலைவர்" என்றார். எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு அவளே எழும்பிக் கத்தினாள். "ஒரு பெடியன் பிழை செய்தால் டிவியில எங்கள் எல்லாரின்ர முகத்தையும் காட்டுறாங்கள். ஒரு பெடியன் பாஸ் பண்ணினால் நீ அவனுக்குப் பக்கத்தில நிண்டு உன்ர முகத்தைக் காட்டுறாய். வெள்ளைக்காரப் பெடியன் தள்ளியிருந்தால் அவனை எந்த நாட்டுக்கு அனுப்புவாங்கள்?" கதிரைகள் விழுந்தன. சேர்மன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போது அச்சோல் எழும்பினாள். அவள் எழும்பினால் எந்தக் கூட்டமும் அடங்கும், அவ்வளவு உயரம்.

"நான் தலைவரோட சண்டை பிடிக்க வரேல்லை" என்றாள். "அந்தக் கடையடியில நிண்ட ஆரோ ஒருத்தர் என்ர பிள்ளையின்ர படத்தைத் தொட்டிருக்கினம். அவரை நான் திட்ட மாட்டன். அவருக்கு மஜோக்கைத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவனைக் காட்டியிருக்க மாட்டினம்." பிறகு என் தோளில் கையை வைத்தாள். "இவள் கேத்தி. எங்கட ஆள் இல்லை. ஆனா இவளுக்கு மஜோக்கைத் தெரியும். ஆறு வருசமாப் பாக்கிறாள். கேளுங்கோ இவளிட்ட."

இருநூறு முகங்கள் திரும்பின. நான் எழும்பினேன். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கடவுளே கையில் தர மாட்டார். வாயைத் திறந்தேன். "நல்ல பிள்ளை" என்றேன். கதிரையில் இருந்துவிட்டேன்.

கை தட்டினார்கள். தடி ஊன்றிய கிழவர் மேடையைக் காட்டி, "பார், வேற்றுநாட்டுப் பெண் எழும்பி ரெண்டு வார்த்தை சொல்லுறாள். நீ என்ன சொன்னாய்?" என்று சேர்மனைக் கேட்டார். திரும்பவும் கை தட்டினார்கள். அச்சோல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுடைய கன்னம் என் உச்சந்தலையில் ஈரமாகப் பட்டது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் மகா கேவலமான ஆள் மேடையில் நின்ற டானியேல் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை காலை, முதல் கூடை. அவள் ஒரு மூலையை எடுத்தாள், நான் மற்ற மூலையை எடுத்தேன். மெசின் இரைச்சலுக்கு மேலே சொன்னேன்.

"அச்சோல், படத்தைத் தொட்டது நான்தான்."

அவள் கையை விட வேண்டிய நேரத்தில் சரியாக விட்டாள். சீற் நேராக உள்ளே போனது. அடுத்ததை எடுத்தாள். நானும் எடுத்தேன். இப்படிப் பத்துப் பதினைந்து சீற்றுகள் போயிருக்கும். கோணல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒருதரம் கோணலாக விட்டு மெசினை நிறுத்தி என்னை அடித்திருந்தால் எனக்கு அது பெரிய உதவியாக இருந்திருக்கும்.

கூடை முடியப் போகும்போது கேட்டாள். "அவன்ர முகம் உனக்கு எப்பிடித் தெரியும்? நீ அவனைக் கண்டதே இல்லையே."

அவளுடைய கை மேலுடுப்புப் பைக்குப் போனது. அதற்குள் இருந்த போனை வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்தாள். கை அங்கேயே நின்றது. தன் கையால் தன் பிள்ளையை எனக்குக் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கிறாள் என்பது அந்த நேரம் அவளுக்கு விளங்கியது. அவள் முகத்தில் அது வந்ததை நான் பார்த்தேன். நான் செய்த பாவத்தின் பாதியை அவள் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதை நான் எப்படித் தடுப்பேன்?

"இல்லை, அச்சோல், அது உன்ர பிழை இல்லை" என்றேன். அவள் வெறும் கூடையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கிழமையே நிஷானியைக் கூட்டிக்கொண்டு மஜோக்கின் வக்கீலிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, மேரி கத்தரின் குரூஸ் என்று திரும்பவும் கையெழுத்து வைத்தேன். வக்கீல் பிள்ளை நெற்றியைத் தடவினாள். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு அதைத் திருப்புவது கஷ்டம், மேல்முறையீடு போடலாம், பல மாதம் எடுக்கும், சொல்ல முடியாது என்றாள். மார்ச்சில் வந்திருந்தீர்கள் என்றால், என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நல்ல பிள்ளை. நிறுத்தாமலே சொல்லியிருக்கலாம்.

செய்தி எப்படியோ வெளியே போனது. சேர்மன் டானியேல் பொனிபஸ்ஸுக்குப் போன் எடுத்தார். அரை மணித்தியாலம் கதைத்தார்கள். இரண்டு சமூகத்தின் நல்லுறவு கெடக்கூடாது, இதைப் பகிரங்கமாக்க வேண்டாம் என்று இரண்டு தலைவர்களும் ஒருமனதாக முடிவெடுத்தார்களாம். பொனிபஸ் போனை வைத்துவிட்டு ஆறுதலாக ரீ குடித்தார். "விளக்கமான மனுசன்" என்றார். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைத்த நீளமான வசனம் அதுதான். எங்கள் குடியுரிமைக் கடிதம் இன்னும் வரவில்லை. நிஷானி மட்டும் தினமும் தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு அறைக்குள் போகிறாள்.

இப்போது நவம்பர். மேல்முறையீடு இன்னும் முடியவில்லை, மஜோக் இன்னும் உள்ளேதான். அச்சோல் கேட்டு வேறு மெசினுக்கு மாறிவிட்டாள். என்னோடு ஒரு நேபாளப் பிள்ளையை விட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரி, ஆனால் எங்கள் கைகள் சேரவில்லை. நாளுக்கு மூன்று நாலு தரம் மெசின் நிற்கிறது, சுப்பவைசர் ஓடிவருகிறான்.

சாப்பாட்டு மேசையில் அச்சோல் மூலையில் இருக்கிறாள். நேற்று சாப்பாட்டைச் சூடாக்க அவளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குப் போனில் எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். "என்ர மகன்" என்று சொன்னது காதில் விழுந்தது. என் நிழல் மேசையில் விழுந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. போனைக் குப்புற வைத்து, அதன் மேல் தன் பெரிய கையை விரித்து வைத்தாள். நான் தாண்டிப் போகும் வரை எடுக்கவில்லை.

சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டு வெளியே போய், லொறிகள் நிற்கும் இடத்தில் நின்று சாப்பிட்டேன்.